பாகமா, ஹிரோவா? பழைய ஜப்பான் எக்கோவோடு பாம்பனில் ஒரு வருஷம்

போன ஆடியில் என் தம்பியின் வல்லத்துக்கு ஒரு பழைய எக்கோ சவுண்டர் வாங்கிப் போட்டோம். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆழத்தையும் மீனையும் காட்டும் பெட்டி. விலை 38,000 ரூபாய். காசு கொடுத்ததும் நான், திட்டு வாங்கியதும் நான். “டீச்சர், அந்தச் சப்பான் பெட்டி எப்படி, வாங்கலாமா?” என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். வாசலில் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லி மாளவில்லை. எழுதிவைக்கிறேன்.

ஊர் பாம்பன், தெற்குவாடி. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா சங்கு குளித்தவர். அம்மா சின்னப்பாலத்துப் பொண்ணு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் தெளியும் நாட்களில் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முங்கியவள். தம்பிக்கு பைபர் வல்லம், உள்ளே டீசல் எஞ்சின், ஐந்து பேர் போவார்கள். வலையும் உண்டு, கைத்தூண்டிலும் உண்டு. குருசடை, முயல்தீவு வரிசையைத் தாண்டித் தெற்கேதான் அவனுக்குப் பாடு.

தெற்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். வடகடலில் தொழில் செய்கிறவர்கள் இந்த விமர்சனத்தை இத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே ஒன்பது மீட்டர்தான், அதாவது எங்கள் ஆழக் கணக்கில் ஐந்து பாகம். அவ்வளவுக்கு ஒரு ஈயக்குண்டும் கயிறும் போதும். குண்டின் அடியில் கொஞ்சம் சவுக்காரம் தடவி விட்டால் சேறா மணலா என்று ஒட்டிக்கொண்டு வந்து சொல்லும். தென்கடல் அப்படி இல்லை. தீவைத் தாண்டினால் பாகம் கூடிக்கொண்டே போகும். நடுவில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும். பாரின் ஓரத்தில் தூண்டில் விழுந்தால் விளைமீனும் களவாயும். ஐம்பது அடி தள்ளி விழுந்தால் வெறும் மணல். அந்த ஐம்பது அடிக்குத்தான் எக்கோ.

வாங்கிய கதை. ஒரு துறைமுக நகரத்தில் பழைய படகுச் சாமான் விற்கும் கடை. “டீச்சர், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க, 1,000 வாட்டு” என்றார் கடைக்காரர். கத்தரிக்காயையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்தும் அன்றைக்கு ஏமாந்தேன். கடையில் பெட்டியைப் போட்டுக் காட்டினார். திரை பளிச்சென்று வந்தது. திரை வருவதற்கும் எக்கோ வேலை செய்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சத்தத்தை அனுப்பி வாங்குவது அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர். அது தண்ணீருக்குள் இருந்தால்தான் பேசும். கடையில் தண்ணீர் ஏது? ஒரு வாளித் தண்ணீராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரான்ஸ்டியூசர் வேறு ஒரு கம்பெனியுடையது, 600 வாட். அதுகூடப் போகட்டும். ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இந்த ஒயரை ஒருக்காலும் வெட்டக் கூடாது. உள்ளே மேலுறை போட்ட மெல்லிய கம்பிகள். அடியிலிருந்து திரும்பி வரும் மின்னழுத்தம் அணுவளவு. டேப் சுற்றிய இடத்தில் எஞ்சினின் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. எஞ்சின் அணைந்திருக்கும்போது படம் சுத்தமாக இருக்கும். எஞ்சினைத் தட்டியதும் திரை முழுக்கக் கம்பி கம்பியாய் மழை. “என்னக்கா, கடலுக்குள்ள மழ பெய்யுது?” என்றான் தம்பி. கடைக்காரருக்குப் போன் போட்டேன். நாலு நாள் எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. பெட்டியைச் செய்தவர்கள் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. மண்டபத்துப் பையன் ஒருவன் 9,000 ரூபாய்க்குப் பொருத்தமான டிரான்ஸ்டியூசரை ஒட்டில்லாத ஒயரோடு தேடிக்கொடுத்தான். ஆகமொத்தம் 47,000 என்று கணக்கு வையுங்கள்.

மாட்டியதிலும் ஒரு கூத்து. பைபர் படகுக்கு அடியில் ஓட்டை போடத் தம்பிக்கு மனசில்லை. உள்ளேயே அடித்தட்டில் ரெசின் ஊற்றி ஒட்டினார்கள். ரெசின் காய்ந்ததும் போட்டுப் பார்த்தால் அடியே தெரியவில்லை. ரெசினுக்குள் காற்றுக்குமிழிகள் மாட்டிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் போகும் சத்தத்துக்குக் காற்று ஒரு சுவர். சின்னக் குமிழி என்றாலும் முட்டித் திரும்பிவிடும். செதுக்கி எடுத்து, மெதுவாக ஊற்றி, மறுபடி ஒட்டிய பிறகு அடி தெரிந்தது. இந்தக் குமிழியை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

இனி ஹிரோ விவகாரம். இதுதான் எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

வேலை சரியாக ஆரம்பித்த முதல் நாள் தம்பி தன் கயிற்றை விட்டு அளந்தான். பத்துப் பாகம். பெட்டி பன்னிரண்டு காட்டியது. இன்னொரு இடம். கயிறு பதினைந்து, பெட்டி பதினெட்டு. “ஒன் பெட்டிக்கு எண்ணத் தெரியலக்கா. தூக்கிக் கடல்ல போட்டுருவேன்” என்றான். எனக்கோ இந்தத் தப்பு ஒரே விகிதத்தில் வருவது உறுத்தியது. பழுதான கருவி கண்டபடி பொய் சொல்லும். இது ஒழுங்காகப் பொய் சொல்கிறது. பெட்டி ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்தது, மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. பேத்தி போனில் படம்பிடித்து ஒவ்வொன்றாய்ப் படித்தாள். ஆழத்தின் அலகு என்ற இடத்தில் இருந்தது மீட்டரும் இல்லை, அடியும் இல்லை. ‘ஹிரோ’.

ஹிரோ என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். சாட்சாத் நம்ம பாகம்! அங்கேயும் மீன்காரர்கள் கயிற்றை மார்புக்கு நேரே விரித்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அவர்களிடம் ஆறு ஷாக்கு ஹிரோவும் உண்டு, ஐந்து ஷாக்கு ஹிரோவும் உண்டு. ஷாக்கு என்பது ஏறக்குறைய நம் அடி, 30.3 சென்டிமீட்டர். ஆறு ஷாக்கு என்றால் 1.8 மீட்டர், அச்சாக நம் பாகம். ஐந்து என்றால் 1.5 மீட்டர். எங்கள் பெட்டி சின்னக் கைக்காரன் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்துப் பாகம் 18 மீட்டர், 1.5-ஆல் வகுத்தால் பன்னிரண்டு. தப்பே இல்லை! மெனுவில் மாற்றியதும் கயிறும் பெட்டியும் ஒத்துப்போயின. அன்றைக்குத்தான் தம்பி பெட்டிக்கு ஒரு துண்டு வாங்கிப் போர்த்தினான்.

பெட்டியின் முதுகில் இருந்த தகட்டில் பெயர் கோடென். ஒளி, மின் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தது. 1947-இல் தொடங்கிய கம்பெனி. தொடங்கியவர் யார் என்று தேடப்போய் இத்தோ யோஜியிடம் வந்து நின்றேன். அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும். யோஜி என்பதுதான் இவர் பெயர். போர்க்காலத்தில் ஜப்பான் கடற்படைக்கு ராடார் செய்தவர். பதவியில் தொழில்நுட்பக் கேப்டன்.

ஆயுதம் செய்யும் பொறியாளர் என்பவர் எங்கள் தீவுக்குப் புதியவர் இல்லை. இதே தீவில், ராமேஸ்வரத்தில், படகு வைத்திருந்தவர் வீட்டில் பிறந்த அப்துல் கலாமை அறியாத பிள்ளை இங்கே உண்டா? அதனால் இத்தோவைப் படிக்கும்போது பாதி பரிச்சயமானவரைப் படிப்பதுபோல் இருந்தது. மீதிப் பாதி அப்படி இல்லை, அதற்கும் வருகிறேன்.

பிறந்தது 1901. ஊர் சிபா மாவட்டத்தில் பசிபிக் கரையிலுள்ள ஒஞ்சுகு. அந்த ஊர் முங்கும் பெண்களுக்குப் பேர்போனது. ‘அமா’ என்பார்கள். மூச்சை அடக்கிக் கீழே போய்ச் சிப்பியும் பாசியும் எடுத்து மேலே வருகிறவர்கள். இதைப் படித்த அன்று அம்மாவின் பழைய கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துவிட்டுக் கடற்படையின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். கடற்படையே அவரை ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பார்க்ஹவுசனிடம் ஆராய்ச்சி, டாக்டர் பட்டம். திரும்பி வந்து வானத்தின் மேலடுக்கில் ரேடியோ அலை முட்டித் திரும்புவதை அளந்தார். அனுப்பு, காத்திரு, திரும்பி வந்த நேரத்தை வைத்து தூரத்தைச் சொல். எக்கோவும் அதேதான். தண்ணீரில் சத்தம் வினாடிக்கு 1,500 மீட்டர் போகும். பத்துப் பாகத்துக்குப் போய்வர 24 மில்லிவினாடி. ரேடியோ அலைக்கு வேகம் அதிகம், அவ்வளவே.

இன்னொரு வேலை மேக்னட்ரான், குறுகிய ரேடியோ அலையைப் பலமாக உண்டாக்கும் குழாய். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிறதே, அதன் மூதாதை. ஜப்பான் ரேடியோ கம்பெனியோடு சேர்ந்து 1939-இல் 10 சென்டிமீட்டர் அலையில் 500 வாட் தரும் ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் பர்மிங்ஹாமில் தங்கள் மேக்னட்ரானை ஓட்டியது 1940 பிப்ரவரியில். முந்தியது ஜப்பான். ஆனால் அதை ராடாராக்க வேண்டும் என்ற அவசரம் மேலே இருந்தவர்களுக்கு இல்லை. இருட்டில் ஒளிந்து போகிறவன் கையில் லாந்தர் பிடிப்பானா, அலையை அனுப்பினால் நாம் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்ற பேச்சு அந்தக் கடற்படையில் ஓடியது.

1941 தொடக்கத்தில் ஒரு கடற்படைக் குழுவோடு இத்தோ மறுபடி ஜெர்மனி போனார். ஆங்கிலேயர்கள் துடிப்பலையால் விமானத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள் என்ற சேதி அங்கே கிடைத்தது. உடனே ஊரில் அவசர வேலை. தொலைக்காட்சி முன்னோடி தக்கயானகி கென்ஜிரோ, 1926-லேயே குழாய்த்திரையில் ஓர் எழுத்தைத் தெரியவைத்தவர், திரைக்கும் துடிப்புக்கும் மின்சுற்று செய்தார். செப்டம்பர் தொடக்கத்தில் 4.2 மீட்டர் அலையில் ஒரு மாதிரிக் கருவி 97 கிலோமீட்டரில் ஒரு குண்டுவீச்சு விமானத்தையும், 145 கிலோமீட்டரில் ஒரு விமானக் கூட்டத்தையும் காட்டியது. நவம்பரில் முதல் கரை ராடார் நிறுத்தப்பட்ட இடம் கட்சுஊரா கலங்கரை விளக்கம். ஒஞ்சுகுவுக்கு அடுத்த ஊர். சொந்த ஊர்க் கரையில் தன் முதல் கருவி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெட்டி வீட்டுக்கு வந்த அன்று எங்கள் பெரியம்மா, தொண்ணூறு வயது, திண்ணையிலிருந்து கேட்டார்: “சப்பான்காரன் சாமானா வாங்கியாந்த?” தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது அங்கேதான் இருந்தார். அவருடைய தம்பியைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். பெரியம்மாவுக்கு ஜப்பான் என்றால் அந்தச் சித்தப்பா. நான் மேக்னட்ரானைப் பற்றிப் பேசினால் அவருக்குக் காது கேட்காது. சயாம் என்றால் கேட்கும். இத்தோவின் திறமையை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு முடியாது. அவர் செய்தது அந்தக் கடற்படைக்கு.

அதே சிங்கப்பூரில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பிடிபட்ட ஆங்கிலேய ராடார்க் குறிப்புகளில் ‘யாகி’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். அர்த்தம் புரியாமல் ஒரு கைதியைக் கேட்டால், அது உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயர், ஆன்டெனாவுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறோம் என்றானாம். யாகி ஹிதெட்சுகு. எண்பதுகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இலங்கை டிவி ரூபவாகினி பார்க்க நெட்டுக் கம்பத்தில் கட்டினோமே, மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா, அதுவே அவருடையது. சென்னைக்கு முன்னால் எங்களுக்குக் கொழும்பு தெரிந்தது யாகி புண்ணியம்.

கொழும்பு என்றதும் 1942 ஏப்ரல். 5-ஆம் தேதி கொழும்பிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கி மூழ்கியது. அந்த 9-ஆம் தேதியே நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்பது ஆங்கிலேய பிளென்ஹீம் விமானங்கள் ஜப்பானின் அகாகி கப்பலுக்கு மேலே வந்து குண்டைப் போடும் வரை கப்பலில் யாருக்கும் தெரியவில்லை. குண்டுகள் பக்கத்துத் தண்ணீரில் விழுந்ததால் தப்பினார்கள். அகாகியில் ராடார் இல்லை. இத்தோவின் கருவி கரையில் சுழல ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது, கப்பலில் ஒன்றுமில்லை. மே மாதம்தான் இஸே, ஹியூகா என்ற இரண்டு போர்க்கப்பல்களில் சோதனைக்கு ஏற்றினார்கள். ஜூனில் பசிபிக்கில் மிட்வே சண்டை. அகாகி உட்பட நாலு விமானந்தாங்கிகள் மூழ்கின. நாலிலும் ராடார் இல்லை. ராடார் இருந்த இரண்டு கப்பலும் வேறு அணியில், தூரத்தில்.

கருவியைச் செய்து கையில் கொடுத்த பிறகும் வேண்டாம் என்கிறவனைப் பார்த்தால் எனக்குத் தம்பி ஞாபகம் வருகிறது. முதல் மாதம் அவன் பெட்டியைப் போடவே மாட்டான். “கடலப் பாத்துப் பொழைக்கிறவனுக்குப் பெட்டி எதுக்கு?” நீவாடு, அதாவது நீரோட்டம், பார்ப்பான், தண்ணீரின் நிறம் பார்ப்பான், கடல்காக்கை எங்கே விழுகிறது என்று பார்ப்பான். எல்லாம் சரிதான். ராத்திரியில் காக்கை ஏதுடா?

போரின் கடைசி வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், படித்து எனக்கே அலுத்துப்போன பகுதி. ஷிமாதா என்ற ஊரில் பெரிய மேக்னட்ரான்கள் செய்து, அலையாலேயே விமானத்தை வீழ்த்த முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. அங்கே மேக்னட்ரானுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த தொமொனாகா 1965-இல் இயற்பியல் நோபல் வாங்கினார். அணுகுண்டு ஆகுமா என்று இயற்பியலாளர் நிஷினா தலைமையில் அறிஞர்களைக் கூட்டிக் கேட்டதிலும் இத்தோவுக்குப் பங்கு உண்டு. இந்தப் போருக்குள் எந்த நாட்டாலும் ஆகாது என்று 1943-இல் அவர்கள் முடிவு சொன்னார்கள். 1945 ஆகஸ்ட் அவர்களுக்குப் பதில் சொன்னது.

அப்புறம் கடற்படையே இல்லை. நாற்பத்தாறு வயதில் இத்தோ கோடெனைத் தொடங்கி மீன்பிடிப் படகுகளுக்குத் திசைகாட்டும் ரேடியோ செய்ய இறங்கினார். அனுப்பும் நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வளைய ஆன்டெனாவைத் திருப்பிக் கண்டுபிடிப்பது. நம்ம ஆட்களுக்கு இது புதிதில்லை. அப்பா நடுக்கடலில் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இலங்கை வானொலியின் பாட்டு எந்தப் பக்கம் திருப்பும்போது செத்துப்போகிறதோ, அதை வைத்துக் கரை எந்தப் பக்கம் என்பார். உள்ளே இருக்கும் காந்தக் குச்சியின் நுனி நிலையத்தை நோக்கினால் ஓசை மங்கிவிடும். காரணத்தை நான் பி.எஸ்ஸி. படித்தபோது அவருக்குச் சொன்னேன். “அப்படியா” என்றார், அவ்வளவுதான்.

இத்தோ 1955-இல் காலமானார். எங்கள் பெட்டி கலர் திரை உள்ளது, அவர் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துச் செய்தது. அவர் கை பட்டதென்று சொல்லி விலையை ஏற்றப் பார்த்தால் நம்பாதீர்கள். மீன் காட்டும் எக்கோவை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இவர் இல்லை. 1948-இல் நாகசாகி மாவட்டத்துக் குச்சினோட்சுவில் படகுகளுக்கு மின்வேலை பார்த்த ஃபுருனோ சகோதரர்கள். குமிழி வருகிற இடத்தில் மீன் இருக்கும் என்று ஒரு கடல்காரர் சொல்லக் கேட்டு, கடற்படை கழித்துப்போட்ட ஆழமானியை எடுத்து, குமிழிக்குச் சத்தம் திரும்புமா என்று பார்த்திருக்கிறார்கள்.

திரும்பும். எங்கள் ரெசினில் அடியை மறைத்த அதே காற்று மீனைக் காட்டும். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. எக்கோ பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான், சதையை அல்ல. ஆகவே காற்றுப்பை உள்ள மீன் பளிச்சென்று தெரியும், இல்லாதது தெரியாது. எங்கள் திரையில் சூடைக் கூட்டம் சிவப்பு மேகமாய் வரும். பாரின் மேல் களவாயும் விளைமீனும் சின்னச் சின்ன வளைவாய் வரும். திருக்கை அடியோடு அடியாய்ப் படுத்திருந்தால் மணலும் அதுவும் ஒன்றுதான். கணவாயும் இறாலும் மங்கலான தூசி. “கணவா காட்டலையே” என்று எக்கோவைத் திட்டுகிறவர்கள், அதன் வயிற்றில் காற்று இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு திட்டவும்.

நன்றாகச் செய்வது எது என்றால், மீனைவிட அடியை. சேறு என்றால் அடிக்கோடு மங்கலாக வரும். பார் என்றால் கோடு கெட்டியாக, கீழே இரண்டாவது எதிரொலி ஒன்று தெரியும். தம்பி இரண்டு மாதத்தில் இதைப் படிக்கப் பழகிவிட்டான். கோபுரத்தையும் விளக்கையும் நேர்கோட்டில் வைத்துப் பிடித்த பழைய இடங்களை எல்லாம் எக்கோவில் சரிபார்த்தான். பெரும்பாலும் அப்பா காட்டிய இடம் சரியாக இருந்தது. இரண்டு இடத்தில் பார் அவர் சொன்னதைவிடத் தள்ளியிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை. வலை சிக்கிக் கிழிவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. என்னைக் கேட்டால் எக்கோவின் லாபம் அதில்தான். ஒரு தடவை வலை பாரில் மாட்டி அறுந்தால் என்ன செலவு என்று தெற்குவாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு அலைவரிசை உண்டு, 50 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும். நம் ஆழத்துக்கு 200 போதும். வீச்சு குறுகல், படம் கூர்மை. 50 ஆழக்கடலுக்கு, அகலமாகப் பரவும், பக்கத்தில் இருக்கும் மீனையும் நேர் கீழே இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். ‘கெயின்’ என்ற திருகைக் கூட்டிக்கொண்டே போனால் கடல் முழுக்க மீனாகத் தெரியும். பெட்டியைப் போட ஆரம்பித்த புதிதில் தம்பி அப்படித்தான் வைத்திருந்தான். “அக்கா, கடலே சிவப்பா இருக்கு, வல போடவா?” போட்டான். நாலு காரல்.

வெயிலில் பழைய திரை கொஞ்சம் கண்ணைச் சுருக்க வைக்கிறது, வயசான பெட்டிக்கு அது சகஜம். அட்டையை மடித்துக் குல்லா மாதிரி மாட்டியிருக்கிறோம். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுங்கள், தடிமனாக. விளக்கு ஒயரிலேயே கொக்கி போட்டால், எஞ்சின் தட்டும்போது மின்னழுத்தம் இறங்கிப் பெட்டி அணைந்து அணைந்து வரும்.

ஒன்றைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கடலில் எக்கோ கீழே பார்க்கிறது. மேலே எங்களைப் பார்ப்பது ராடார். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படை. 1974, 1976 ஒப்பந்தங்கள் கிழித்த கோட்டைக் கடந்தால் எந்தத் திரையிலாவது ஒரு புள்ளியாய்த் தெரிந்துவிடுகிறோம். இத்தோ செய்த ராடாரின் வகையும், அவர் தொடங்கிய கம்பெனியின் எக்கோவும் ஒரே வல்லத்தின் மேலேயும் கீழேயும் வேலை செய்கின்றன. ஜிபிஎஸ் தனியாக வைத்திருக்கிறோம். எக்கோவை நம்பி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், அதற்குக் கோடு தெரியாது.

யார் வாங்கலாம்: தென்கடலில் தூண்டிலும் வலையும் செய்கிறவர்கள், பார் ஓரம் தேடுகிறவர்கள். வடகடலில் நண்டு வலை போடுகிறவர்களுக்குத் தண்டம். பழையது வாங்குவதென்றால் ஒரு வாளித் தண்ணீர் வைத்து டிரான்ஸ்டியூசரை முக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் முக்கியதும் திரையில் மாற்றம் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள். ஒயரை முழு நீளத்துக்கும் கையில் உருவிப் பாருங்கள், டேப் சுற்றியிருந்தால் வேண்டாம். ஜப்பான் எழுத்து மெனு பயமுறுத்தும். பேரப்பிள்ளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அலகு ஹிரோவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி இப்போது பெட்டியைப் போடாமல் கரையை விட்டுப் போவதில்லை. ஆனால் பக்கத்தில் வேறு வல்லம் வந்தால் துண்டை இழுத்துத் திரையை மூடிவிடுகிறான். “ஏன்டா?” என்றால், “வெளிச்சம் தெரிஞ்சா பின்னாலயே வருவாய்ங்கக்கா” என்கிறான். ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது, எங்கள் வல்லத்தையும் கரையில் ஏற்றி அடியைச் சுரண்டுகிறதாக ஏற்பாடு. உள்ளே ஒட்டியதைப் பெயர்த்து, ஓட்டை போட்டு வெளியே மாட்டலாம் என்று இப்போது அவனே சொல்கிறான். வெளியே மாட்டினால் சத்தம் வீணாகாது, ஆனால் பாசியும் சிப்பியும் ஒட்டும், மாதம் ஒருமுறை முங்கித் துடைக்க வேண்டும். யார் முங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை.